ஈரம் புகாத கட்டடம்

எனக்கு வெந்நீரில் குளிக்கப் பிடிக்கும். இதை ஒரு குற்றமாக யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அறுபத்து நான்கு வயதில், முதுகெலும்பு மூன்று இடத்தில் தேய்ந்துபோனவன் காலை ஆறரை மணிக்குக் கழுத்து வரை வெந்நீரில் முக்கால் மணி நேரம் கிடந்தால் அது ஆடம்பரம் அல்ல, மராமத்து. கட்டடத்துக்கு வருடம் ஒரு மராமத்து போதும். மனிதனுக்குத் தினமும் வேண்டியிருக்கிறது.

எங்கள் கட்டடத்தைப் பார்த்து நீங்கள் எழுதிய அறிக்கையின் நகல் நேற்றுத் தபாலில் வந்தது. நன்றாக எழுதுகிறீர்கள். இந்தக் காலத்துப் பொறியாளர்கள் படத்தை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் அம்புக்குறி போட்டால் அறிக்கை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீங்கள் வாக்கியம் எழுதுகிறீர்கள். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. ஓரத்தில் பென்சிலால் திருத்தியிருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம், முப்பத்தொரு வருடம் அடுத்தவர் அறிக்கையைத் திருத்திப் பழகிய கை, சும்மா இருக்காது. ஆனால் மூன்றாம் பக்கத்தின் கடைசி வாக்கியத்தில் இருப்பது எழுத்துப் பிழை அல்ல. அதைப் பென்சிலால் திருத்த முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ‘ஈரமற்ற இல்லம்: நூறு வழிகள்’ என்ற நூல் உங்கள் அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும், ஏதாவது மேசையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்காவிட்டால். அதை எழுதியவன் நான். ஈரச் சுவரைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான் என் தொழில். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவேன். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். கண்ணைத் திறந்து ‘குழாய்’ என்பேன், அல்லது ‘கூரை’ என்பேன், அல்லது ‘உங்கள் சமையல் ஆவி’ என்பேன். உண்மையில் கண்ணை மூட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மூடாவிட்டால் யாரும் நம்புவதில்லை, அவ்வளவுதான். எங்கள் கட்டடத்துக்கு வரும் குழாய்க்காரர் எனக்கு ‘ஈரத்து வைத்தியர்’ என்று பட்டம் கட்டியிருந்தார். கேலிதான். ஆனாலும் அவரே தன் மாமியார் வீட்டுச் சுவருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆறு வீடுகள் கொண்ட இந்தக் கட்டடம் நான் வரைந்து, நான் நின்று எழுப்பியது. வாசல் தூணில் ஒரு கருங்கல் பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஈரம் புகாத கட்டடம்’ என்று மூன்று சொற்கள். கீழே என் பெயர். அதற்குக் கீழே என் பட்டங்கள். பட்டங்களுக்கு இடம் போதாமல் கல்லை ஒரு சாண் நீட்ட வேண்டியிருந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கும் ஆரம்பம் முதல் நான்தான் செயலாளர். தலைவர் ஒருவர் உண்டு. கூட்டத்தில் அவர் தூங்குவார், நான் தீர்மானம் எழுதுவேன், அவர் விழித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நிர்வாகம் இதைவிடச் சிறப்பாக எங்கும் நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு நேர் கீழே, முதல் மாடியில், என் தம்பி இருந்தான். தையற்காரன். பள்ளிச் சீருடைகள் தைப்பான். வருடம் பூராவும் அதே நீலம், அதே வெள்ளை. அப்பா போனபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவனுக்கு நான் சொன்னால் சரி. பெண் பார்த்துவிட்டு வந்து, ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டதற்கு, ‘அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்’ என்றவன். இதை அவன் மனைவி இருபது வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது என் முகத்தையே பார்ப்பாள்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு என் முதுகு நின்றுபோனது. எலும்பு டாக்டர் வெந்நீரில் கிடக்கச் சொன்னார். வாளியில் கிடக்க முடியாது. சாமான் அறையைக் காலி செய்து அங்கே ஒரு குளியல் தொட்டி வைக்கத் தீர்மானித்தேன். பழைய சிறிய குளியலறையை அப்படியே விட்டுவிட்டோம். தொட்டியின் தண்ணீரைப் பக்கவாட்டில் வெளிச்சுவருக்குக் கொண்டுபோவதுதான் முறை. சங்கத்துக்கு நான் கொடுத்த வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால் தொட்டி ஒரு படி உயரும். இந்த முதுகோடு தினமும் படி ஏறி இறங்க வேண்டும். நேராகக் கீழே விட்டால் படி வேண்டாம்.

கீழே விட வேண்டுமானால் தளத்தில் துளை போட வேண்டும்.

தளத்தில் யாரும் துளை போடக் கூடாது என்பது நானே எழுதிய ஏழாவது விதி. மேல்மாடி வாத்தியார் கூரையில் ஒரு கொக்கி மாட்டியதற்காக அவரைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நிற்கவைத்து வருத்தம் தெரிவிக்கச் சொன்னவன் நான். பாவம், பிள்ளைகளை நிற்கவைத்தே பழகியவர், நிற்கத் தெரியாமல் நின்றார்.

அதனால் துளையை நானே போட்டேன். தம்பி மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம். தம்பியிடம் மட்டும் சொன்னேன். அவன் தையல் அறையின் மூலைதான் அந்த இடம். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். குழாயை மறைத்து ஒரு பலகைப் பெட்டி அடித்தோம். ‘வயர் போகுதுன்னு சொல்லிடறேன் அண்ணா, யாருக்கும் தெரிய வேணாம்’ என்று அவனே சொன்னான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் மூன்று அடுக்குப் பூச்சு வேண்டும் என்பது என் நூலின் நாற்பத்தோராவது வழி. மூன்று அடுக்கும் காய ஒன்பது நாள் ஆகும். எனக்கு முதுகு வலித்தது. ஒரு அடுக்கோடு நான்காம் நாள் தொட்டியை நிரப்பினேன்.

நான்காம் மாதம் தம்பி படியேறி வந்தான். வந்தவன் உட்காரவில்லை. ‘தப்பா நினைக்காதீங்க அண்ணா, மூலையில லேசா பூசணம் பூத்த மாதிரி இருக்கு’ என்றான். இறங்கிப் போய்ப் பார்த்தேன். பலகைப் பெட்டிக்குக் கீழே, ஒரு முழத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. கரும்பச்சைப் புள்ளிகள், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம். நனைந்து மட்கிய அட்டைப் பெட்டியின் வாசனை. அவன் மெஷின் அதற்கு நேர் முன்னால் இருந்தது. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் என்பதால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைப்பான்.

உள்ளங்கையை வைத்தேன். கண்ணை மூடினேன். வாசலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்து, ‘இஸ்திரிப் பெட்டி ஆவி’ என்றேன்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. தையற்காரன் அறையில் இஸ்திரி ஆவி இருக்கத்தானே செய்யும்? அன்று மாலையே தம்பி இஸ்திரி மேசையைக் கூடத்துக்கு மாற்றினான். பூஞ்சை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் வீட்டுக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தச் சொன்னேன். அதற்கடுத்த மாதம் சமையலறைக் கதவைச் சாத்திவைக்கச் சொன்னேன். பிறகு ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு சுற்றறிக்கை விட்டேன். தம்பி வீட்டை மட்டும் சுட்டினால் அவனுக்கு மனம் வருந்தும் அல்லவா? ஒரு மனிதனின் மூச்சிலிருந்து மட்டும் தினமும் எவ்வளவு ஈரம் வெளியேறுகிறது என்று அதில் விளக்கியிருந்தேன். சுற்றறிக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மனைவி படியில் என்னை நிறுத்தினாள்.

“அப்ப மூச்சு விடறதையும் கொஞ்சம் குறைச்சுக்கணுமா மாமா?”

நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கையான பேச்சாகத்தான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் தம்பிக்கு இருமல் பிடித்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், தொட்டியில் கிடக்கும்போது தண்ணீர் வெளியேறும் துளை வழியாகக் கீழ்ச்சத்தம் ஏறி வரும். ஆறரை மணிக்கு அவனும் வேலைக்கு உட்கார்ந்துவிடுவான். மெஷின் ஓடும். நிற்கும். இருமல். மறுபடி ஓடும். முதல் மாதங்களில் நீளமாக ஓடிச் சிறிதாக இருமினான். பிறகு சரிபாதி ஆனது. கடைசியில் இருமலுக்கு நடுவே மெஷின் ஓடியது. வெந்நீரில் கண்ணை மூடிக் கிடப்பவன் காதுக்கு இதெல்லாம் தானாகவே விழும். நான் ஒட்டுக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் இருமல் நின்றது. முகத்தில் தெளிச்சி வந்தது. ஓய்வு என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இருமல் திரும்பியது. வேலை என்று சொன்னேன். இரண்டு முறை இப்படி ஆனது. தம்பி மனைவி படித்தது குறைவு, ஆனால் எண்ணத் தெரிந்தவள். ‘அங்க போனா நல்லாயிருக்காரு, இங்க வந்தா படுத்துக்கறாரு. அப்ப நோவு அவருக்கா, வீட்டுக்கா?’ என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். தலைவர் விழித்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் ஒரு தீர்மானம் என் கையால் எழுதப்படாமல் நிறைவேறியது அன்றைக்குத்தான்: மேல்வீட்டுத் தொட்டியில் சாயத் தண்ணீர் விட்டுச் சோதிப்பது.

உங்களுக்கு இது தெரிந்த முறைதான். மேலே சாயம் கலந்த தண்ணீரை விட வேண்டியது, ஒரு நாள் பொறுக்க வேண்டியது, கீழே சுவரில் அந்த நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியது. குழாய்க்காரர் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். பச்சையும் கறுப்பும் சுவரில் ஏற்கனவே இருக்கிறதே என்றார். தொட்டி முழுக்கச் சிவப்புத் தண்ணீர். ‘மனுஷன் பொய் சொல்வான் சார், கலர் சொல்லாது’ என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டார். அது சுழித்துக்கொண்டு இறங்குவதை நானும் அவரும் என் மனைவியும் நின்று பார்த்தோம்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் குழாய்க்காரரும் சங்கத்தார் இருவரும் வந்து கீழே பார்ப்பதாக ஏற்பாடு. அன்று பகல் பதினோரு மணிக்குத் தம்பியை மூச்சுப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். செயலாளர் என்ற முறையில் எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் என்னிடம் உண்டு.

சிவப்பு இறங்கியிருந்தது. பெட்டியின் அடியிலிருந்து சுவர் வழியாக, ஒரு கை நீளத்துக்கு, விரல்கள் விரித்த மாதிரி. முதலில் மெஷினையும், தைத்து அடுக்கியிருந்த சட்டைகளையும் ஒரு போர்வையால் மூடினேன். சின்னப் பிள்ளைகள் போடுகிற சட்டை, கறை பட்டால் தம்பிக்குத்தான் கெட்ட பெயர். பிறகு சுவரைத் துடைத்தேன். கறுத்த இடத்தைச் சுரண்டினேன். தூசு பறந்தது, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். சீக்கிரம் காயும் சுவர்ப்பட்டி பூசி, அதன் மேல் இரண்டு கை வெள்ளை அடித்தேன். கட்டடத்துக்கென்று வாங்கிய பெயின்ட் என் வீட்டில்தான் இருக்கும். ஒரு துளிகூட வேறெங்கும் சிந்தவில்லை. இந்த வயதிலும் கை அவ்வளவு நிதானம்.

ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கு வெள்ளைச் சுவரைக் காட்டினேன். ஈரத்தின் வகைகள் பற்றிக் கொஞ்சம் பேசினேன். குழாய்க்காரர் சுவரை ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ‘கலர் வரலை’ என்றார். அவருக்கு அடுத்த வருட வேலையும் சங்கத்திடமிருந்துதான் வர வேண்டும். அதற்குப் பிறகு என் வீட்டில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

“பெயின்ட் வாசனை வருதே மாமா” என்றாள் தம்பி மனைவி.

நான் பதில் சொல்வதற்குள் தம்பி சொன்னான்: “எனக்கு ஒண்ணும் வரலையே. உனக்கு எப்பவும் எதையாவது மோந்து பாக்கணும்.” அவனுக்கு மூக்கடைத்து மாதக்கணக்காகியிருந்தது. அதனால் அப்படிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் என் மனைவி பழைய சிறிய குளியலறையில் குளிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இதற்குத்தான் புரிதல் என்று பெயர்.

ஒரு வாரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு கசிந்து வெளியே வந்தது. ஆனால் வெளுத்து, ரோஜா நிறமாக. தம்பி என்னிடம் சொன்னபோது அவன் குரலில் புகாரே இல்லை. ‘அந்த மூலை ரோஸ் கலராகுது அண்ணா. பாக்க ஒண்ணும் மோசமா இல்லை.’ மறுநாள் துணி அலமாரியை இழுத்து அந்த மூலையை மறைத்துப் போட்டுவிட்டான். மனைவியிடம் அங்கே போட்டால் அறை பெரிதாகத் தெரிகிறது என்றானாம்.

இப்போது நான் டாக்டருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி உங்கள் அறிக்கையில் இல்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

நுரையீரல் டாக்டரம்மா நல்ல கெட்டிக்காரி. படத்தில் நுரையீரல் கீழ்ப்பக்கம் தேன்கூடு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது என்று காட்டினார். வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டார். பழைய வைக்கோல், பழைய காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். சுவரில் பூஞ்சை உண்டா என்று கேட்டார். தம்பி மனைவி வாயைத் திறப்பதற்குள் தம்பி, ‘அதெல்லாம் எங்க அண்ணனுக்குத்தான் தெரியும், அவர் அதுல பெரிய ஆளு’ என்று சொல்லிவிட்டான். அப்படியானால் அவரிடம் ஒரு குறிப்பு வாங்கி வாருங்கள், பூஞ்சை இருந்தால் இவர் அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும் என்றாராம். கடைசி வாக்கியத்தைத் தம்பி மனைவி என் முன்னால் உட்கார்ந்து இரண்டு முறை சொன்னாள். அவள் என்னிடம் மன்றாடினாள் என்று சொல்ல முடியாது. சொன்னதையே திரும்பச் சொன்னாள், அவ்வளவுதான்.

என் கடிதத்தாளில் எழுதினேன். ‘மேற்படி அறையை நேரில் ஆய்வு செய்தேன். பூஞ்சை இல்லை. சுவரில் காணப்படுவது உப்புப் பூப்பு. அது மூச்சுக்காற்றில் கலப்பதில்லை.’ கையெழுத்து, முத்திரை, பட்டங்கள். நான்கு வாக்கியம். நான் எழுதியவற்றில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை. டாக்டரம்மா படித்துவிட்டுத் தன் குறிப்பில் ‘பூஞ்சை’ என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தாராம். ஒரு நிபுணர் இன்னொரு நிபுணரின் சொல்லை மதிக்கத்தான் வேண்டும். நாங்கள் ஒருவரையொருவர் மதிக்காவிட்டால் ஊரில் யார் எங்களை மதிப்பார்கள்?

தம்பி மெஷினுக்குத் திரும்பினான்.

ஒரு வாரம் தொட்டியை விட்டுவிட்டுப் பழைய குளியலறையில் குளித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் நிறுத்தினால் சுவர் காயும். சுவர் காய்ந்தால் ஈரம் எங்கிருந்து வந்தது என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். கடிதம் போன பிறகு நிறுத்துவது அதைவிட மோசம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குத் துணையாக நிற்காமல் ஓடுகிறவன் கோழை. நான் தினமும் ஆறரைக்குத் தொட்டியில் இறங்கினேன். சில நாள் முதுகு வலிக்காத நாளிலும் இறங்கினேன்.

நடுவில் பத்து நாள் மட்டும் ஊரில் இல்லை. பொறியாளர் மாநாட்டில் ‘ஈரமும் இல்லற நலமும்’ என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேடயம் ஒன்று கொடுத்தார்கள். கனமானது. என் முதுகுக்கு ஆகாது என்று என் மனைவி தூக்கி வந்தாள். அந்தப் பத்து நாளும் தம்பி நன்றாகத் தூங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு முறை நின்று மூச்சைப் பொறுக்க வேண்டும். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் என் கையைத் தொட்டான்.

“முதுகு எப்படி இருக்கு அண்ணா?”

பரவாயில்லை என்றேன்.

“வெந்நீரை மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா... எல்லாரும் கேப்பாங்க.”

அவன் அன்போடு சொன்னான். முதல் பாதியை நான் காதில் வாங்கினேன். அதை ஒரு அனுமதியாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் போய்விட்டான். ஐம்பத்தாறு வயது.

பதினைந்து நாள் கழித்துத் தம்பி மனைவி வீட்டைக் காலி செய்தாள். தன் அக்காவிடம் போவதாக ஏற்பாடு. அலமாரியை நகர்த்தியபோது என்னைக் கீழே கூப்பிட்டாள். அந்தச் சுவரைப் பிறகு நீங்களும் பார்த்தீர்கள், படமும் எடுத்தீர்கள். ரோஜா நிறக் கறை. அதன் விளிம்பைச் சுற்றித் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் வளைவு வளைவாகக் கோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்று, சட்டையின் கைக்குழி வெட்டக் குறித்தது போல அவ்வளவு சுத்தமாக. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் தேதி. ‘மழை நாட்களில் கறை பரவியதைக் குடியிருந்தவர் குறித்து வைத்திருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டாம் பக்கம். அங்கேதான் நீங்கள் தடம் மாறினீர்கள். எல்லாக் கோடும் வெளிப்பக்கம் போகும்போது ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே சுருங்கியிருக்கிறதே, கவனித்தீர்களா? அந்தத் தேதிகளில்தான் மழை கொட்டியது. கோட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது, உங்கள் படத்தில் தெளிவாக விழவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நான் படித்தேன். ‘அண்ணன் வெளியூர்.’

தம்பி மனைவி அழவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அவருக்குத் தெரியும் மாமா. அந்த வாசனை அன்னிக்கே தெரியும். உங்களுக்குத் தலைகுனிவு வந்துடக் கூடாதுன்னு என் வாயை அடைச்சாரு. நான் போற இடத்துல ஈரம்னு மட்டும்தான் சொல்லுவேன், யாருன்னு சொல்ல மாட்டேன். அவருக்குக் குடுத்த வாக்கு. சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க.”

உங்கள் அலுவலகத்துக்கு அவள் போட்ட மனுவிலும் சொன்னபடிதான் எழுதியிருக்கிறாள். ‘கட்டடத்தில் ஈரம், அதனால் கணவர் இறந்தார்.’ அவ்வளவுதான். நீங்கள் வந்தீர்கள். பலகைப் பெட்டியைத் திறக்கவில்லை. வயர் என்று நான் சொன்னதை நம்பினீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பிறகு மூன்றாம் பக்கத்தின் கடைசி வாக்கியத்தை எழுதினீர்கள்: ‘கட்டுமானத்தின்போதே தளம் சரியாக அமைக்கப்படாததால் மழைநீர் உட்புகுந்து ஈரம் ஏற்பட்டுள்ளது.’

நேற்று இதை ஐந்தாறு தடவை படித்தேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தளத்தின் கலவை ஒவ்வொரு சட்டியையும் நான் பார்த்துப் போட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. அதைப் போய்ச் சரியில்லை என்று, வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகாத ஒருவர், அரசாங்கத் தாளில் எழுதுவதா? அந்தத் தாள் கோப்பில் நிரந்தரமாக இருக்குமே. நாளைக்கு யாரும் எடுத்துப் படிக்கலாமே.

ஆகவே திருத்திக்கொள்ளுங்கள். தளத்தில் குறை இல்லை. மழைக்கும் சம்பந்தம் இல்லை. துளையைப் போட்டவன் நான். பூச்சை அரைகுறையாக விட்டவன் நான். சிவப்பைத் துடைத்தவன் நான். பூஞ்சை இல்லை என்று எழுதி, டாக்டரம்மா பேனாவால் அதை அடிக்கும்படி செய்தவன் நான். ஒவ்வொரு காலையும் என்ன செய்கிறேன் என்று தெரிந்தே அடைப்பைப் பிடுங்கினேன். என் தம்பியை நான் கொன்றேன். இதற்கு எந்தப் பிரிவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் துறை அல்ல என்பது தெரியும், உரியவர்களுக்கு அனுப்புங்கள். பலகைப் பெட்டியை எவ்வழியில் கழற்றினால் சுவர் பெயராது என்று தனித்தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன்.

தொட்டி அறையைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது. தம்பி போன மறுநாள் காலை பழக்கத்தில் இறங்கிப் படுத்தேன். கீழே யாரும் இல்லை. துளை வழியாக இருமல் வந்தது. மெஷின் ஓடவில்லை, இருமல் மட்டும். குழாயில் காற்று அடைத்தால் அப்படிச் சத்தம் வரும், என் நூலில் ஐம்பத்தெட்டாவது வழியில் இருக்கிறது. அன்று பூட்டியது. இப்போது பூட்டிய கதவுக்குள்ளிருந்தும் ஆறரை மணிக்கு வருகிறது. தண்ணீரே போகாத குழாயில் காற்று எப்படி அடைக்கும் என்றுதான் விளங்கவில்லை. என் மனைவியிடம் குழாய்ச் சத்தம் என்றேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், ‘அது குழாய் இல்லைங்க’ என்றாள்.

நான் இப்போது பழைய குளியலறையில் வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறேன். முதுகு அப்படி ஒன்றும் மோசமாகிவிடவில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும். அறிக்கை திருத்தி வெளியானதும் வாசல் பலகையை எடுக்கச் சொல்லி ஆட்கள் வருவார்கள். என் பெயரைச் செதுக்கி எடுத்துவிடட்டும், பட்டங்களையும் எடுக்கட்டும். மேலே உள்ள மூன்று சொற்களை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். நீங்களே முதல் மாடிக்குப் போய், அந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. சுவர் நன்றாகக் காய்ந்திருக்கிறது.